லைட்டர் கட்டிய நூல்

சனிக்கிழமை ஒன்பது மணி.
கொட்டாஞ்சேனையில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில்
பதினெட்டுப் பேர் வட்டமாக இருந்தோம்.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
அதற்குக் கீழே இடம் பிடிக்க
அர்ஷாத் எட்டரைக்கே வந்துவிட்டான்.

ஃபர்ஸானா மிஸ் முதலில் சொன்னது:
"ஒருத்தரையும் ஏசக்கூடாது.
ஏச்சு வாங்கினவன்
வெளியே போய் இன்னொண்டு பத்தவைப்பான்."

பிறகு நடிக்கச் சொன்னா.
செபநேசன் கூட்டாளி. நான் மறுப்பவள்.
"ஒரே ஒரு இழுவை" என்று நீட்டினான்.
கையில் இருந்தது சோக்குத் துண்டு.
ஆனால் அந்த விரல்களுக்கு எவ்வளவு பழக்கம்,
பெருவிரல் நகத்தில் இருமுறை தட்டி
இல்லாத காற்றுக்கு உள்ளங்கை மறைத்து.
எல்லோரும் சிரித்தோம்.
மிஸ் சிரிக்கவில்லை.
அவனும் சற்றுப் பிந்தித்தான்
சோக்கை உதட்டிலிருந்து எடுத்தான்.

"வேண்டாம்" என்றேன்.
"கேக்கேல்ல" என்றா மிஸ், கடைசிக் கதிரையிலிருந்து.
"வேண்டாம்."
"138 பஸ் போய்க்கொண்டிருக்கு. இன்னும் கேக்கேல்ல."
மூன்றாம் தடவை
முகட்டிலிருந்த புறாக்கள் இடம் மாறி இருந்தன.

மத்தியானம் மீன் பணிஸ், பிளேன்டீ.
அதற்குப் பிறகு நடை.
பள்ளிக்கூட வாசலிலிருந்து ஒவ்வொரு ஒழுங்கையாக,
கொப்பியில் மூன்று கேள்வியோடு:
ஒன்றொன்றாக விற்கிறார்களா?
பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கிறதா?
பற்றவைக்க நெருப்பு வைத்திருக்கிறார்களா?

பதினான்காவது கடை எங்களுடையது.

அப்பா சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து
எல்லோருக்கும் டொபி எடுத்து நீட்டினார்.
ஒருவரும் கை நீட்டவில்லை.
ரிஸ்மியா மட்டும் வாங்கினாள்,
வாங்கி, பிரிக்காமல் பொத்திக்கொண்டாள்.
டொபிப் போத்தலுக்குப் பக்கத்தில் சிகரெட் பெட்டி.
மேலே, இருபத்தொரு வயது அறிவித்தல்.
அதன் பாதியை மறைத்து வாழைக்குலை.
மோட்டிலிருந்து நீல நைலோன் நூலில்
லைட்டர் தொங்கி, காற்றுக்கு ஆடியது.
மூன்று கேள்விக்கும் ஆம்.

திரும்பி வந்து பிரிஸ்டல் போர்ட்டில் வீதி கீறி
கடைக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டு ஒட்டினோம்.
புறக்கோட்டையில் ரிஸ்மியா வாங்கிய அட்டை
பதின்மூன்றோடு தீர்ந்துபோனது.
"சரி, அது கிடக்கட்டும்" என்றான் அர்ஷாத்,
எங்கேயோ பார்த்தபடி.
நல்ல பிள்ளை அவன்.
நான் என் நெற்றியில் இருந்ததைக் கழற்றி
அந்தச் சந்தியில் அழுத்தினேன்.
அது கறுப்பு.
தூரத்திலிருந்து பார்த்தாலும் தனியாகத் தெரிந்தது.

இரவு சோற்றுக்கு முன் அப்பா கேட்டார்,
என்ன படிப்பித்தார்கள் என்று.
"எண்ண" என்றேன்.
அவருக்கு விளங்கிவிட்டது.
என் கணிதக் கொப்பி, டியூஷன் காசு,
போன மாதம் வாங்கிய சப்பாத்து,
அவற்றில் எத்தனை ஒற்றைச் சிகரெட் என்று
அவர் சொல்லவில்லை. நான்தான் கணக்குப் பார்த்தேன்.
"நான் விக்காட்டி முன்கடைக்காரன் விப்பான்" என்றார்.
"அங்கயும் பொட்டு வச்சாச்சு."
பருப்பைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திங்கள் விடிய, கடை திறக்க முதல்
கத்தரிக்கோலால் நூலை அறுத்தேன்.
பின்னேரம் வந்து பார்த்தால்
முடிச்சுப் போட்டு மறுபடி தொங்கியது.
செவ்வாய் அறுத்தேன். முடிந்திருந்தார்.
வியாழன் இரண்டு இடத்தில்.
வீட்டில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.
கத்தரிக்கோலும் லாச்சியில்
வைத்த இடத்திலேயே இருந்தது.

புது நூல் ஒரு முழம் இருபது ரூபாய் இராது.
அவர் வாங்கவில்லை.

ஒவ்வொரு முடிச்சுக்கும் நூல் கொஞ்சம் குறைகிறது,
லைட்டர் கொஞ்சம் மேலே போகிறது.
துறைமுகத்து ஆட்கள் கையை உயர்த்தி எடுக்கிறார்கள்.
நேற்று வெள்ளைக் காற்சட்டையோடு ஒருவன்
நுனிக்காலில் நின்றான், ஒருமுறை துள்ளினான்,
அப்பாவைப் பார்த்தான்.

அப்பா வாழைக்குலைக்குப் பின்னால்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.